எடுக்கும்போதே தொகுக்கும் சினிமா

எடிட்டிங் தெரியாமல் குறும்படம் எடுக்க முடியுமா என்று திண்டுக்கல்லிலிருந்து ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். முடியும். கேமராவிலேயே தொகுத்துவிடலாம். கதையில் முதலில் வரும் ஷாட்டை முதலில் எடுத்து, வேண்டிய நொடியில் நிறுத்தி, அடுத்ததற்குப் போகவேண்டும். என் அத்தை கதம்பம் கட்டும்போது மரிக்கொழுந்துக்குப் பக்கத்தில் கனகாம்பரம் என்று முடிச்சு விழுந்தால் விழுந்ததுதான். நடுவில் உருவி மாற்ற முடியாது. இங்கேயும் அப்படித்தான். நடிகர் தடுமாறினார் என்று மறுபடி எடுத்தால், தடுமாறியதும் படத்தில் இருக்கும்.

இதற்கு வாகான கருவி, கோடக் 1965-ல் கொண்டுவந்த சூப்பர் 8. ஒரு கார்ட்ரிட்ஜில் 50 அடி ஃபிலிம், 3,600 பிரேம்கள். நொடிக்கு 18 பிரேம் ஓடினால் 3 நிமிடம் 20 நொடி. 24 ஓடினால் இரண்டரை நிமிடம். அவ்வளவுதான் படம்.

லண்டனில் 1999-ல் எட் சேயர்ஸ் தொடங்கிய ‘ஸ்ட்ரெய்ட் 8’ என்ற குறும்படப் போட்டி இந்த ஒற்றை கார்ட்ரிட்ஜை வைத்தே நடக்கிறது. தேர்வான படங்கள் கான் திரைப்பட விழா வரை போயிருக்கின்றன. இதில் என்னைக் கட்டிப்போடுவது ஒலிதான். கழுவாத ஃபிலிமை அப்படியே கொடுத்துவிட வேண்டும். கூடவே ஒலிப்பதிவையும் தரவேண்டும். படத்தைப் பார்க்காமலே இசையும் வசனமும் சேர்க்க வேண்டும்! எடுத்தவரே தன் படத்தை முதன்முதலாகத் திரையரங்கில், மற்றவர்களோடு உட்கார்ந்துதான் பார்க்கிறார். ஒவ்வொரு ஷாட்டிலும் விரல் அரை நொடி தாமதித்தால், இருபதாவது ஷாட்டில் ஒலி 10 நொடி விலகியிருக்கும். கதவு சாத்தும் சத்தம் வரும்போது திரையில் யாரோ காபி குடித்துக்கொண்டிருப்பார். ஆகவே விவரம் அறிந்தவர்கள் உதட்டசைவோடு பொருந்தவேண்டிய வசனத்தைத் தவிர்த்து, பின்னணிக் குரலில் கதை சொல்கிறார்கள். ஷாட் ஷாட்டாக நொடிக் கணக்கை எழுதி வைக்கிறார்கள். படம்பிடிப்பதற்கு முன்பே படம் தாளில் முடிந்திருக்கும்.

இன்று கையில் போன் இருக்கிறது; மணிக்கணக்கில் எடுத்துத் தள்ளுகிறோம், பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்கிறோம். அந்தப் பிறகு பெரும்பாலும் வருவதே இல்லை. சினிமா கற்க வரும் பிள்ளைகளுக்கு மென்பொருளைத் திறந்து காட்டுமுன் இந்தப் பயிற்சியைக் கொடுக்கவேண்டும் என்பது என் உறுதியான எண்ணம். ஃபிலிம்கூட வேண்டாம். பல போன்களில் வீடியோ எடுக்கும்போதே இடைநிறுத்தும் பொத்தான் உண்டு. தலைப்பைச் சிலேட்டில் எழுதி, அதையே முதல் ஷாட்டாக எடுங்கள். பிறகு நிறுத்தி நிறுத்தி, வரிசை மாறாமல், மூன்று நிமிடத்துக்குள் கதையை முடியுங்கள். நடுவில் ஓட்டிப் பார்க்கக் கூடாது.