நானூற்றுப் பத்துக்கு சீட் கிடைக்குமா?

நீட் முடிவு வெளியாகும் ஜூன் மாதத்தில் சேலம் மாவட்டம் சங்ககிரியின் இ-சேவை மையங்களிலும் ஜெராக்ஸ் கடைகளிலும் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்வி ஒன்றுதான். "பாப்பாவுக்கு நானூத்திப் பத்து வந்திருக்குதுங்க, சீட்டு கெடைக்குங்களா?" கேட்பவர் லாரி ஓட்டுநராக இருப்பார், விசைத்தறிக் கூலியாக இருப்பார், கோழிப்பண்ணையில் வேலை பார்ப்பவராக இருப்பார். மதிப்பெண்ணைச் சொன்னால் கையோடு பதில் கிடைத்துவிடும் என்று நினைக்கிறார்கள்.

கிடைக்காது. மதிப்பெண்ணை மட்டும் வைத்துக்கொண்டு அனுபவமுள்ள கல்வி ஆலோசகர்கூட உறுதியாக ஒன்றும் சொல்ல முடியாது. அவர் திருப்பிக் கேட்க வேண்டிய கேள்விகள் வேறு. ஆறாம் வகுப்பிலிருந்து எந்தப் பள்ளி? சாதிச் சான்று எந்த அலுவலகத்தில் வாங்கியது? எந்த ஆண்டு பிளஸ் டூ? மாற்றுத்திறன் உண்டா? மருத்துவக் கல்லூரி வாசலில் நிற்பது ஒரு வரிசை அல்ல, பல வரிசைகள். ஒரே மதிப்பெண் ஒரு வரிசையில் இடம் தரும், பக்கத்து வரிசையில் தராது. தான் நிற்க வேண்டிய வரிசை எது என்று தெரியாமலேயே பல ஏழைப் பிள்ளைகள் வெளியே போய்விடுகிறார்கள்.

முதலில் மதிப்பெண் செய்யும் மாயத்தைப் பார்த்துவிடலாம். நீட் 720 மதிப்பெண்ணுக்கான தேர்வு. 180 கேள்விகளில் பாதி உயிரியல். சரியான விடைக்கு 4, தவறான விடைக்கு ஒன்று கழியும். 2024இல் வினாத்தாள் எளிது. இறுதிப் பட்டியலின்படியே 17 பேர் 720க்கு 720 எடுத்தார்கள். 2025இல் இயற்பியல் கடுமையாக இருந்தது. நாட்டின் முதலிடமே 686தான். தமிழ்நாட்டுக் கலந்தாய்வில் கட்-ஆஃப் நூறு மதிப்பெண் அளவுக்குக் கீழே இறங்கியது. பக்கத்து வீட்டுப் பையன் போன வருடம் எடுத்த மார்க்கோடு இந்த வருட மார்க்கை ஒப்பிட்டு அழுவதிலும் அர்த்தமில்லை, சிரிப்பதிலும் அர்த்தமில்லை. பார்க்க வேண்டியது தரவரிசை. அதிலும் பொதுத் தரவரிசையைவிட, தன் சமூகப் பிரிவுக்குள் தனக்கு எத்தனையாவது இடம் என்பதே முக்கியம். முந்தைய ஆண்டு அந்தப் பிரிவில் கடைசியாக இடம் பெற்றவரின் சமூகத் தரவரிசை என்ன என்பதை மருத்துவத் தேர்வுக்குழுவின் ஒதுக்கீட்டுப் பட்டியல் காட்டும். அதைப் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் ஓரளவு நம்பகமான கணக்கு கையில் கிடைக்கும்.

'தகுதி பெற்றார்' என்ற சொல்லும் பலரை ஏமாற்றுகிறது. 2025இல் பொதுப்பிரிவுக்கு 144 மதிப்பெண், இட ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 113 மதிப்பெண் எடுத்தாலே தகுதி. தமிழ்நாட்டில் மட்டும் சுமார் 76,000 பேர் அப்படித் தகுதி பெற்றார்கள். நாடு முழுவதும் 12 லட்சத்துக்கும் மேல். எம்.பி.பி.எஸ். இடங்களோ அந்த ஆண்டின் தொடக்கத்தில் நாடு முழுவதற்கும் ஏறத்தாழ 1.18 லட்சம். தகுதி என்பது வரிசையில் நிற்க அனுமதி, அவ்வளவுதான்.

சங்ககிரிக்கு மருத்துவக் கல்லூரிகள் தூரமில்லை. சேலத்தில் அரசு மோகன் குமாரமங்கலம் கல்லூரி 1986இலிருந்து இருக்கிறது. பெருந்துறையில் அரசு ஈரோடு மருத்துவக் கல்லூரி. 2022 ஜனவரியில் தமிழகத்தில் ஒரே நாளில் திறக்கப்பட்ட 11 அரசு மருத்துவக் கல்லூரிகளில் நாமக்கல்லும் ஒன்று. பேருந்தில் போய் இறங்கிவிடும் தூரத்தில்தான் எல்லாம். ஆனால் உள்ளே போகும் வழி 2017இல் மாறிவிட்டது.

அதற்கு முன் பத்தாண்டுகள் பிளஸ் டூ மதிப்பெண்தான் எல்லாவற்றையும் தீர்மானித்தது. நாமக்கல், ராசிபுரம் பக்கத்து உறைவிடப் பள்ளிகள் மாநிலம் முழுக்கப் பெயர் வாங்கியதும் அந்தக் காலத்தில்தான். பிளஸ் ஒன் பாடத்தை ஓரம் கட்டிவிட்டு இரண்டு வருடமும் பிளஸ் டூ பாடத்தையே உருப்போட வைத்தார்கள் என்ற குற்றச்சாட்டும் அப்போதே இருந்தது. நீட் வந்ததும் பயிற்சிச் சந்தையும் நிறம் மாறிற்று. பிளஸ் டூ முடித்து ஒரு வருடம், இரண்டு வருடம் நீட்டுக்கென்றே படிக்கும் 'ரிப்பீட்டர்' என்ற புதுவகை மாணவர் உருவானார். நீதிபதி ஏ.கே. ராஜன் குழு 2021இல் கொடுத்த அறிக்கை அதை எண்ணிக்கையில் காட்டியது. 2016-17இல் மருத்துவத்தில் சேர்ந்தவர்களில் பழைய மாணவர்கள் 12.47 சதவீதம். 2020-21இல் அது 71.42 சதவீதம். தமிழ்வழி மாணவர்களின் பங்கு நீட்டுக்கு முன் 15 சதவீதத்தை ஒட்டி இருந்தது. பின்னர் 2, 3 சதவீதத்துக்குச் சுருங்கியது. ஒரு வருடம் வேலைக்குப் போகாமல் உட்கார்ந்து படிக்க எந்த வீட்டால் முடியுமோ, அந்த வீட்டுப் பிள்ளைக்கு வழி என்று ஆகிவிட்டது. நீட்டிலிருந்து விலக்குக் கேட்டு 2021இல் சட்டமன்றம் நிறைவேற்றிய மசோதாவுக்குக் குடியரசுத் தலைவர் ஒப்புதல் மறுக்கப்பட்டதாக 2025 ஏப்ரலில் முதல்வர் அவையில் அறிவித்தார். ஆக, இப்போதைக்கு இருக்கும் வாசல் நீட்தான்.

அந்த வாசலில் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்காகப் போடப்பட்ட தனி வரிசைதான் ஏழரை சதவீத உள் ஒதுக்கீடு. நீதிபதி கலையரசன் ஆணையம் பத்து சதவீதம் பரிந்துரைத்தது. அரசு ஏழரை என்று முடிவு செய்தது. 2020 செப்டம்பரில் சட்டமன்றம் நிறைவேற்றியது, அக்டோபர் இறுதியில் ஆளுநர் ஒப்புதல் கிடைத்தது. அப்போதைய முதல்வர் எடப்பாடி பழனிசாமியின் எடப்பாடி, சங்ககிரி வருவாய்க் கோட்டத்துக்குள் அடங்கிய வட்டம் என்பது இந்த ஊர்க்காரர்களுக்குச் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. முந்தைய ஆண்டு விரல்விட்டு எண்ணும் அளவே அரசுப் பள்ளி மாணவர்கள் மருத்துவம் சேர்ந்திருந்தார்கள். சட்டம் வந்த அந்த ஆண்டே எம்.பி.பி.எஸ். இடங்கள் மட்டும் முந்நூறைத் தாண்டின. இப்போது ஐந்நூறை நெருங்கி நிற்கிறது. கல்விக் கட்டணத்தையும் விடுதிக் கட்டணத்தையும் அரசே ஏற்கிறது. 2022 ஏப்ரலில் சென்னை உயர் நீதிமன்றம் சட்டம் செல்லும் என்றது. சமூக நீதி பற்றிய எத்தனையோ அறிவிப்புகளுக்கு நடுவே, கண்ணெதிரே பலன் தந்த சட்டம் இது என்று தயங்காமல் சொல்லலாம்.

ஆனால் நிபந்தனை ஒன்று உண்டு. ஆறாம் வகுப்பு முதல் பிளஸ் டூ வரை அரசுப் பள்ளியிலேயே படித்திருக்க வேண்டும். கட்டாயக் கல்விச் சட்டத்தின்படி எட்டாம் வகுப்புவரை தனியார் பள்ளியில் படித்துவிட்டு ஒன்பதிலிருந்து அரசுப் பள்ளிக்கு வந்தவர்களுக்கு மட்டும் விலக்கு. அரசு உதவிபெறும் பள்ளி இதில் சேராது.

இந்தப் பகுதியில் அந்த நிபந்தனை எப்படிக் கடிக்கிறது என்று பாருங்கள். கிராமத்து அரசுப் பள்ளியில் ஒரு பெண் பத்தாம் வகுப்பில் நல்ல மதிப்பெண் எடுக்கிறாள். தனியார் பள்ளி ஒன்று, கட்டணமே வேண்டாம், விடுதியும் இலவசம், பிளஸ் ஒன் இங்கே சேருங்கள் என்று அழைக்கிறது. பெற்றோருக்குப் பெருமை. டி.சி. வாங்கிச் சேர்த்துவிடுகிறார்கள். கையெழுத்துப் போட்ட அந்த நிமிடமே ஏழரை சதவீத வரிசையிலிருந்து அவள் பெயர் நீங்கிவிடுகிறது. இரண்டு வருடம் கழித்து அதே பெண் பொது வரிசையில், பல வருடம் பயிற்சி எடுத்தவர்களோடு போட்டி போடுகிறாள். தனியார் பள்ளியில் கிடைக்கும் நல்ல பயிற்சி அந்த இழப்பை ஈடுகட்டுமா? சிலருக்கு ஈடுகட்டலாம். ஆனால் இழப்பு ஒன்று இருக்கிறது என்பதைத் தெரிந்துகொண்டு முடிவெடுப்பது வேறு, தெரியாமல் இழப்பது வேறு.

அடுத்தது காகிதம். தமிழ்நாட்டில் 69 சதவீத ஒதுக்கீடு. பிற்படுத்தப்பட்டோருக்கு 26.5, பிற்படுத்தப்பட்ட முஸ்லிம்களுக்கு 3.5, மிகவும் பிற்படுத்தப்பட்டோர் மற்றும் சீர்மரபினருக்கு 20, பட்டியல் சாதியினருக்கு அருந்ததியர் உள் ஒதுக்கீட்டையும் சேர்த்து 18, பழங்குடியினருக்கு 1. மாநிலக் கலந்தாய்வுக்கு இந்தக் கணக்கு. அரசுக் கல்லூரி இடங்களில் 15 சதவீதம் அகில இந்தியத் தொகுப்புக்குப் போகிறது. அங்கே மத்திய அரசின் ஓ.பி.சி. பட்டியல், அதற்கென்று தனிச் சான்று. மாநிலப் பட்டியலில் பி.சி. என்று இருக்கும் சமூகம் மத்தியப் பட்டியலில் இல்லாமல் போகலாம். கிரீமி லேயர் எனும் வருமான வரம்பும் அங்கே உண்டு, இங்கே இல்லை. கையில் இருக்கும் சாதிச் சான்று இரண்டு இடத்துக்கும் போதும் என்று நினைத்துக் கடைசி வாரத்தில் தாலுகா அலுவலகத்துக்கு ஓடுபவர்கள் ஒவ்வொரு வருடமும் இருக்கிறார்கள்.

பழங்குடிச் சான்றின் கதை இன்னும் கடினம். பட்டியல் சாதியினருக்கு வட்டாட்சியர் தரும் சான்றை, பழங்குடியினருக்குக் கோட்டாட்சியர்தான் தர வேண்டும். அந்த ஆர்.டி.ஓ. அலுவலகம் சங்ககிரியிலேயே இருக்கிறது. சேர்வராயன், கல்வராயன் மலைகளில் வாழும் மலையாளி மக்கள் சேலம் மாவட்டத்தில் பழங்குடியினர். காவிரியைத் தாண்டி ஈரோடு மாவட்டத்துக்குள் போனால், பர்கூர் மலையிலிருக்கும் அதே மலையாளி மக்கள் பழங்குடிப் பட்டியலில் இல்லை. பட்டியலில் பழைய மாவட்டங்களின் பெயரைக் குறித்து எழுதியிருப்பதால் வந்த வினை அது. ஆற்றின் இந்தக் கரையில் கிடைக்கும் உரிமை அந்தக் கரையில் கிடைக்காமல் போவது நியாயம் என்று யாரும் வாதாட முடியாது.

2021இல் கோவைக்கு அருகே மலசர் பழங்குடியைச் சேர்ந்த ஒரு மாணவி நீட்டில் தகுதி பெற்றார். இரண்டாவது முயற்சி, 202 மதிப்பெண். சாதிச் சான்று இல்லாமல் அவர் படிப்பு முன்பே ஒருமுறை தடைபட்டிருந்தது. செய்தி வெளியே வந்த பிறகுதான் சான்று கைக்கு வந்தது. மதிப்பெண்ணுக்கு முன்பே காகிதம் தோற்கடித்துவிடக்கூடும் என்பதற்கு வேறு சாட்சி தேவையில்லை.

வயதைப் பற்றிய கேள்வி இப்போது அதிகமாக வருகிறது. பிளஸ் டூ முடித்து நர்சிங்கோ லேப் டெக்னீஷியன் படிப்போ படித்து, வேலைக்குப் போய், முப்பதை நெருங்கும்போது, 'இப்போ எழுதலாமா' என்று கேட்கிறார்கள். எழுதலாம். முன்பு பொதுப்பிரிவுக்கு 25, ஒதுக்கீட்டுப் பிரிவுகளுக்கு 30 என்று வரம்பு இருந்தது. 2022 மார்ச்சில் அது நீக்கப்பட்டது. எத்தனை முறை எழுதலாம் என்பதற்கும் கட்டுப்பாடு இல்லை. பிளஸ் டூவில் உயிரியல் எடுக்காமல் கம்ப்யூட்டர் குரூப் படித்தவரும், உயிரியலைக் கூடுதல் பாடமாகத் தேறினால் நீட் எழுதலாம் என்று தேசிய மருத்துவ ஆணையம் 2023 நவம்பரில் அறிவித்தது. பலருக்கு இது தெரியவே இல்லை.

முதிர்ந்த வயதில் வந்தவர்களும் இருக்கிறார்கள். 2020இல் ஒடிசாவில் 64 வயது ஓய்வுபெற்ற வங்கி அதிகாரி எம்.பி.பி.எஸ். சேர்ந்தார். 2022 ஜனவரியில் தருமபுரியைச் சேர்ந்த 61 வயது ஓய்வுபெற்ற ஆசிரியர் ஏழரை சதவீதக் கலந்தாய்வுக்கே வந்து நின்றார். இளைய பிள்ளை ஒருவருக்கு அந்த இடம் போகட்டும் என்று விட்டுக்கொடுத்தார். 2025இல் தென்காசி மாவட்டத்தில் 49 வயதுப் பிசியோதெரபிஸ்ட் ஒருவர், நீட்டுக்குப் படித்த மகளோடு சேர்ந்து தானும் படித்து 147 மதிப்பெண் எடுத்தார். மாற்றுத்திறனாளிகளுக்கான 5 சதவீத ஒதுக்கீட்டில் விருதுநகர் அரசுக் கல்லூரியில் இடம் கிடைத்தது. பொது வரிசையில் அந்த 147க்கு அரசு இடம் நினைத்தும் பார்க்க முடியாது.

அதற்காக முப்பது வயதுக்காரர் எல்லோரையும் வேலையை விட்டுவிடச் சொல்வது பொறுப்பற்ற பேச்சு. நாலரை வருடப் படிப்பு, ஒரு வருடப் பயிற்சி மருத்துவம், ஆக ஐந்தரை வருடம் வீட்டுச் செலவு எங்கிருந்து வரும் என்று கணக்குப் போட வேண்டும். தனியார் கல்லூரி நிர்வாக ஒதுக்கீட்டின் லட்சங்களைக் கடன் வாங்கிக் கட்டுவது லாரி வாங்குவதைவிடப் பெரிய கடன். பழைய பாடத்தை மறந்தவர் முதலில் வீட்டிலிருந்தே மூன்று மாதிரித் தேர்வு எழுதிப் பார்க்கட்டும். அதில் வரும் மதிப்பெண்ணை ஒதுக்கீட்டுப் பட்டியலோடு ஒப்பிடட்டும். இன்னும் எவ்வளவு தூரம் என்பது ஓரளவு தெரிந்துவிடும்.

அமெரிக்காவில் பட்டம் முடித்த பிறகே மருத்துவம் என்பதால் 24, 25 வயதில் சேர்வது சாதாரணம். ஆனால் தனி வரிசை அங்கே நிலைக்கவில்லை: இனத்தைக் கணக்கில் எடுத்து மாணவர் சேர்ப்பதை 2023 ஜூனில் அந்நாட்டு உச்ச நீதிமன்றம் தடுத்தது. அடுத்த ஆண்டே மருத்துவம் சேர்ந்த கறுப்பின மாணவர் எண்ணிக்கை பத்து சதவீதத்துக்கும் மேல் சரிந்தது. தனி வரிசையை எடுத்துவிட்டால் யார் வெளியே போகிறார்கள் என்பது அங்கே ஒரே வருடத்தில் தெரிந்துவிட்டது.

இங்கே வரிசை இருக்கிறது. அது இருப்பதைத் தெரிவிக்கத்தான் ஆள் போதவில்லை. சங்ககிரி, எடப்பாடி வட்டாரத்து உயர்நிலைப் பள்ளி ஆசிரியர்களிடம் ஒரு வேண்டுகோள்: பத்தாம் வகுப்பு முடிவு வரும் நாளில் பெற்றோரை உட்கார வைத்து ஏழரை சதவீத விதியைப் பத்து நிமிடம் சொல்லுங்கள். பெற்றோருக்கும் ஒன்று: டி.சி.க்குக் கையெழுத்துப் போடும் முன் தலைமை ஆசிரியரிடம், "இதனால பாப்பாவோட ஏழரை சதவீதம் போயிருங்களா?" என்று கேட்டுவிடுங்கள்.