உங்களுக்குத் தெரியுமா? பனி முழுதாகக் கரையுமுன்னே பூக்கும் பாஸ்க் பூ

வட அமெரிக்காவின் பிரெய்ரி புல்வெளியில் ஏப்ரல் மாதம் போன வருஷத்துப் புல் வெளுத்துப் படிந்து கிடக்கும். பள்ளங்களில் பனி மிச்சமிருக்கும். புதுப் புல் தலைகாட்டுவதற்கு முன்பே, ஒரு சாண் உயரம்கூட இல்லாமல், வெளிர் ஊதா நிறத்தில் கிண்ணம் கிண்ணமாகப் பூத்துவிடுகிறது பாஸ்க் பூ. பூ முந்தி, இலை பிந்தி!

அந்த ஊதா இதழ்கள் அல்லி இதழ்களே அல்ல. புல்லி இதழ்கள்தாம் நிறம் பூசிக்கொண்டு அந்த வேலையைப் பார்க்கின்றன.

குளிரை எப்படித் தாங்குகிறது? தண்டு, மொட்டு எங்கும் பட்டுப்போன்ற வெள்ளை ரோமம், பூனைக்குட்டியின் காதைத் தொட்டதுபோல. பூக் கிண்ணமோ சூரியன் போகும் திசைக்கெல்லாம் முகம் திருப்பி வெயிலை நடுவில் குவிக்கிறது. வெளியே விறைக்கும் குளிர், உள்ளே கதகதப்பு. வசந்தத்தின் முதல் தேனீக்கள் அங்கே வந்து உட்கார்ந்து உடம்பைச் சூடேற்றிக்கொள்கின்றன.

கனடாவில் இதைப் 'பிரெய்ரி குரோக்கஸ்' என்கிறார்கள். ஆனால் நிஜக் குரோக்கஸ் நம் பாலில் கலக்கும் குங்குமப்பூவின் இனம். இதற்கும் அதற்கும் சொந்தமே இல்லை. மனிடோபா மாகாணம் 1906-இல் இதைத் தன் மலராக ஏற்றது. அமெரிக்காவின் தெற்கு டகோட்டா அதற்கும் முன்பே, 1903-இல்.

'பாஸ்க்' என்றால் பழைய பிரெஞ்சில் ஈஸ்டர். ஐரோப்பாவில் இதன் உடன்பிறப்பு ஈஸ்டரை ஒட்டிப் பூப்பதால் அப்பெயரைச் சூட்டியவர் ஆங்கில மூலிகை அறிஞர் ஜான் ஜெரார்ட். 1597-இல் வெளிவந்த தம் நூலில் அவரே இதைச் சொல்லியிருக்கிறார்.

நம்மூர் ஹோமியோபதிக் கடைகளில் 'பல்சட்டில்லா' என்ற பெயரைப் பார்த்திருப்பீர்கள். அது இந்தக் குடும்பத்து ஐரோப்பியச் செடியிலிருந்து எடுப்பது. பச்சைச் செடியைக் கசக்கினால் கை கொப்பளித்துவிடும், ஜாக்கிரதை.

எனக்கு இதில் பூவைவிட விதைதான் பெரிய அதிசயம். பூத்து முடிந்த பிறகுதான் தண்டு விறுவிறுவென்று நீளுகிறது, விதையைக் காற்றுக்கு எட்டச் செய்வதற்காக. ஒவ்வொரு விதைக்கும் இறகுபோல ஒரு வால். காற்றில் பறந்து தரையில் விழுந்ததும் அந்த வால் ஈரம் பட்டால் முறுக்கு அவிழும், காய்ந்தால் மறுபடி முறுக்கிக்கொள்ளும். இப்படி முறுகி அவிழ்ந்தே, திருகாணி இறங்குவதுபோல விதை மண்ணுக்குள் இறங்கிவிடுகிறது. தானே நட்டுக்கொள்ளும் விதை!

கோதுமைக்காக ஏர் பூட்டிய பிரெய்ரியில் இதைத் தேடாதீர்கள். கலப்பை ஏறாத சரளை மேடுகளிலும் மணற்குன்றுகளிலும்தான் மிஞ்சியிருக்கிறது. அழகாக இருக்கிறதே என்று வேரோடு பெயர்த்து வீட்டில் வைத்தாலும் பெரும்பாலும் பிழைக்காது. வேர் அவ்வளவு ஆழம். ஆசைப்படுகிறவர்கள் வேரை விட்டுவிட்டு, புது விதையை வாங்கி ஊன்றிப் பார்க்கலாம். முதல் பூவுக்குச் சில வருஷம் காத்திருக்க வேண்டும்.