காற்றில் ஒரு பாலம்

பள்ளி ஒன்றைக் கற்பனை செய்துகொள்ளுங்கள். முன்கட்டடத்தில் தலைமையாசிரியர் அறை. இணைய இணைப்பு வந்து சேருவது அங்கேதான். மைதானத்தைத் தாண்டி, ஏறத்தாழ 100 மீட்டர் தொலைவில் பின்கட்டடம். அதில் கணிப்பொறி அறை. முன்கட்டடத்துக் கணிப்பொறியில் நொடிக்கு 48 மெகாபிட் வேகம் கிடைக்கிறது. பின்கட்டடத்தில் கிடைப்பதோ 3 மெகாபிட்தான். ஒரு பைட் என்பது 8 பிட். ஆகவே 120 மெகாபைட் அளவுள்ள பாடப் படம் ஒன்றை இறக்குவதற்கு முன்கட்டடத்தில் 20 நொடி போதும். பின்கட்டடத்தில் 320 நொடி, அதாவது ஐந்து நிமிடத்துக்கும் மேல் ஆகும். உதவித்தொகைக்கு விண்ணப்பிக்க வேண்டிய கடைசி நாளன்று, படிவம் பாதியிலேயே நின்றுவிட்டால், இந்த வேறுபாடு வெறும் கணக்காக இராது அல்லவா?

இக்குறையைத் தீர்க்கும் எளிய கருவி ஒன்று உண்டு. அதற்கு வயர்லெஸ் பிரிட்ஜ், அதாவது கம்பியில்லாப் பாலம் என்று பெயர். அது எப்படி வேலை செய்கிறது என்பதை இயற்பியல் கண்கொண்டு காண்போம்.

தடை எங்கே?

மேல்நிலைத் தொட்டியிலிருந்து வரும் தண்ணீர்க் குழாயில் ஓரிடம் குறுகியிருந்தால், மற்ற இடங்கள் எவ்வளவு அகலமாக இருந்தும் பயனில்லை. இணையமும் அப்படியே. எனவே முதலில் குறுகிய இடத்தைக் கண்டுபிடிக்க வேண்டும். பின்கட்டடத்துக் கணிப்பொறி ஒன்றைத் தூக்கிச் சென்று, ரவுட்டரில் நேரே கம்பியால் இணைத்து வேகத்தை அளந்து பாருங்கள். அங்கு 48 மெகாபிட் கிடைத்தால் கணிப்பொறி மீது குற்றமில்லை. தடை நடுவிலுள்ள காற்றுவெளியில் இருக்கிறது. அங்கும் 3 மெகாபிட்தான் என்றால், குறை கணிப்பொறியிலோ ரவுட்டருக்கு வரும் இணைப்பிலோ இருக்கிறது. எந்தப் பாலமும் அதைச் சரிசெய்யாது. பாலம் புதிதாக வேகத்தை உண்டாக்குவதில்லை; வழியில் இழந்த வேகத்தை மீட்டுத் தருகிறது, அவ்வளவே.

அலைக்கு நேரும் இன்னல்கள்

வைஃபை என்பது வானொலி அலையே. அதன் அதிர்வெண் 2.4 கிகாஹெர்ட்ஸ் எனில் அலைநீளம் 12.5 சென்டிமீட்டர், 5 கிகாஹெர்ட்ஸ் எனில் 6 சென்டிமீட்டர். ரவுட்டரிலிருந்து அலை நாற்புறமும் பரவுகிறது. தொலைவு பத்து மடங்கானால் அதன் செறிவு நூறில் ஒரு பங்காகக் குறையும். நீங்கள் அறிந்த எதிர்விகித இருமடி விதிதான் இது. வழியிலுள்ள செங்கற்சுவரும் கான்கிரீட்டும் மேலும் ஒரு பகுதியை விழுங்கிவிடுகின்றன.

ரவுட்டர் 100 மில்லிவாட் ஆற்றலை வீசினால், ஏற்பிக்கு ஒரு நானோவாட், அதாவது பத்துக் கோடியில் ஒரு பங்கு வந்தாலே நல்ல வரவு எனலாம். அதிலும் குறைந்தால் என்ன ஆகும்? சொல்வதெழுதுதல் வகுப்பை நினைத்துப் பாருங்கள். அறை அமைதியாக இருந்தால் ஆசிரியர் விரைவாகச் சொல்லிக்கொண்டே போவார். கூச்சல் மிகுந்திருந்தால் ஒவ்வொரு சொல்லாக நிறுத்தி, இருமுறை மும்முறை சொல்வார். வைஃபையும் அவ்வாறே செய்கிறது. அலை வலுவாக இருந்தால் ஒரே துடிப்பில் பல பிட்களை ஏற்றி அனுப்பும்; வலுவிழந்தால் குறைந்த பிட்களையே அனுப்பும்; தவறியவற்றை மீண்டும் அனுப்பும். வேகம் குறையும் இரகசியம் இதுதான்.

மேசைக் கணிப்பொறியின் பின்புறம் செருகிய சிறிய யு.எஸ்.பி. வைஃபை துண்டுக்கு இன்னும் ஓர் இடர்ப்பாடு உண்டு. கணிப்பொறியின் இரும்புப் பெட்டியே அலையை மறைக்கிறது. அருகிலுள்ள யு.எஸ்.பி. 3.0 இணைப்புகளிலிருந்து கசியும் மின் இரைச்சலும் 2.4 கிகாஹெர்ட்ஸ் பட்டையில் வந்து விழுகிறது.

பாலம் செய்யும் வேலை

ஆகவே, ஏற்பியைக் கணிப்பொறியிலிருந்து பிரித்து, அலை நன்றாகக் கிடைக்கும் இடத்துக்குக் கொண்டுபோய்விட்டால் என்ன? பாலத்தின் அடிப்படை இந்த எண்ணமே. வைஃபை ஏற்பியும் ஆன்டெனாவும் கொண்ட பெட்டியைச் சன்னலோரத்திலோ மாடியிலோ பொருத்துகிறோம். அதிலிருந்து ஈதர்நெட் கம்பி ஒன்று கணிப்பொறிக்கு வருகிறது. கணிப்பொறிக்கு நடுவில் காற்றுவெளி இருப்பதே தெரியாது. கம்பி வழியே செய்தி வருவதாகவே அது கொள்ளும். வீட்டில் ஒரு பெட்டி போதும். இருக்கின்ற ரவுட்டரே மறுகரை. நம் பள்ளியைப் போன்ற இடத்தில் இரு கரையிலும் ஒவ்வொரு பெட்டி வேண்டும்.

இதனால் வேகம் கூடுவதற்கு மூன்று காரணங்கள் உள்ளன.

முதலாவது, இடம். சன்னலுக்கு வெளியே சுவரின் தடை இல்லை. இரண்டாவது, ஆன்டெனா. கைவிளக்கின் பின்னால் குழியாடி இருப்பதால் ஒளி ஒரு பக்கமாகக் குவிகிறதல்லவா? தட்டு ஆன்டெனாவும் அலையை அவ்வாறே குவிக்கிறது. ஒவ்வொரு முனையிலும் பத்து மடங்கு குவித்தால், மொத்தத்தில் நூறு மடங்கு பலன். தொலைவினால் நேர்ந்த இழப்பு அப்படியே ஈடாகிவிடும். மூன்றாவது, மறு ஒலிபரப்பு இல்லாமை. ரிப்பீட்டர் என்னும் கருவி கேட்டதை அதே அலைவரிசையில் மறுபடியும் கூவுகிறது; கேட்கும்போது கூவவும், கூவும்போது கேட்கவும் முடியாததால் வேகம் பாதியாகிவிடும். பாலமோ தான் பெற்றதைக் கம்பியில் இறக்கிவிடுகிறது.

வேறொரு நன்மையும் உண்டு. ஓர் அலைவரிசையில் ஒரு நேரத்தில் ஒருவர்தான் பேச முடியும். மெதுவாகப் பேசும் ஒரு கணிப்பொறி மற்றவர்களின் நேரத்தையும் எடுத்துக்கொள்கிறது. அதன் இணைப்பைச் சீர்செய்தால் எல்லோருக்கும் வேகம் கூடும்.

வேப்பமரம் தடுக்குமா?

இரு ஆன்டெனாக்களும் ஒன்றையொன்று பார்த்தால் போதும் என்று எண்ணிவிடக் கூடாது. அலை ஒரு கோடாகச் செல்வதில்லை. நடுவில் பருத்த சுரைக்காய் வடிவில் இடம் கேட்கிறது. ஒளி அலைகளை ஆராய்ந்த பிரெஞ்சு அறிஞர் ஃபிரெனலின் பெயரால் இப்பகுதியை ஃபிரெனல் மண்டலம் என்பர். நடுப்புள்ளியில் இதன் ஆரம், அலைநீளத்தையும் தொலைவையும் பெருக்கி, இருமடி மூலம் கண்டு, அதில் பாதி எடுத்தால் கிடைக்கும். 0.125 மீட்டர், 100 மீட்டர் எனப் போட்டுப் பாருங்கள்: விடை சுமார் 1.8 மீட்டர். எனவே மைதானத்து வேப்பமரத்தின் கிளை பார்வைக்கோட்டை ஒட்டியிருந்தாலும் இடைஞ்சல்தான். நீர் நிறைந்த இலைகள் அலையை உறிஞ்சுவதால், மரம் துளிர்க்கும் காலத்தில் வேகம் குறைவதும் உண்டு.

மாடியில் வைக்கும் பெட்டிக்கும் அதன் கம்பத்துக்கும் முறையாக நில இணைப்பு தர வேண்டும். இடிமின்னல் காலத்தில் இது மிக அவசியம். தவிர, கம்பிக்கு ஈடு கம்பியே. செம்புக் கம்பி ஈதர்நெட்டுக்கு 100 மீட்டர் எல்லை. அதற்கு மேல் கண்ணாடி இழையைப் புதைக்க வசதி இருந்தால் அதுவே மேல்.

தேனியில் நடந்தது

இதே பாலத்தை நீட்டினால் மைதானத்தை மட்டுமன்று, ஊர்களையும் தாண்டலாம். மதுரையில் 1976ஆம் ஆண்டு மருத்துவர் கோ. வெங்கடசாமி நிறுவிய அரவிந்த் கண் மருத்துவமனையின் தேனிக் கிளை அதற்குச் சான்று. அமெரிக்காவின் பெர்க்கிலியிலுள்ள கலிபோர்னியாப் பல்கலைக்கழக ஆய்வுக் குழுவினர், 2006ஆம் ஆண்டையொட்டி அம்மருத்துவமனையைச் சுற்றுப்புறச் சிற்றூர்களின் கண் மையங்களோடு வைஃபை பாலங்களால் இணைத்தனர். மையத்துக்கு வந்த கிராமத்து நோயாளியைச் செவிலியர் சோதித்தார். பின்னர் நோயாளி, தேனியிலிருந்த மருத்துவரோடு திரை வழியே முகம் பார்த்துப் பேசினார். ஒருநாள் கூலியை இழந்து, பேருந்தேறித் தேனிக்குப் போகத் தேவையுள்ளவர் யார், ஊரிலேயே மருந்தோ கண்ணாடியோ பெற்றுக்கொள்ளக் கூடியவர் யார் என்பது அங்கேயே தெரிந்துவிட்டது.

தொலைவு நீண்டபோது புதிய சிக்கல் எழுந்தது. வைஃபை கருவி ஒவ்வொரு செய்தித் துண்டுக்கும் "வந்து சேர்ந்தது" என்ற மறுமொழியை எதிர்பார்க்கும். 15 கிலோமீட்டர் போய்த் திரும்ப அலைக்கு 100 மைக்ரோநொடி ஆகும். அருகிலிருப்போருக்காக அமைக்கப்பட்ட கருவிக்கு அவ்வளவு பொறுமை கிடையாது. செய்தி தொலைந்ததாக எண்ணி மீண்டும் அனுப்பத் தொடங்கும். அக்குழுவினர் இதற்கு மாற்று வகுத்தனர். இரு முனைகளும் முறை வைத்துப் பேச வேண்டும். பல துண்டுகளுக்குச் சேர்த்து ஒரே மறுமொழி தர வேண்டும். 2007இல் அவர்கள் வெளியிட்ட இம்முறை, அதே மலிவான கருவிகளிடமிருந்து பல மடங்கு வேகத்தைப் பெற்றுத் தந்தது. அதே ஆண்டில் வெனிசுவேலாவில் எர்மன்னோ பியட்ரோசெமோலி என்னும் பேராசிரியரும் துணைவர்களும் மலையுச்சிகளுக்கிடையே 382 கிலோமீட்டர் தொலைவுக்கு வைஃபை இணைப்பை எட்டிக் காட்டினர்.

மாணவர்களே! உங்கள் பள்ளியில் இணையம் மெதுவாக வருகிறது என்றால், உடனே விலையுயர்ந்த இணைப்பைக் கேட்காதீர்கள். ஒரு தாளில் பள்ளியின் வரைபடத்தை வரையுங்கள். ஒவ்வோர் அறையிலும் வேகத்தை மூன்று முறை அளந்து, சராசரியை அந்தந்த இடத்தில் குறியுங்கள். சுவர்கள், இரும்பு அலமாரிகள், மரங்கள் ஆகியவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். வேகம் சட்டென்று விழும் இடம் அந்தத் தாளிலேயே தெரியும். பாலம் கட்ட வேண்டிய இடமும் அதுவே.