குறிப்பெண் சொல்வதும் சொல்லாததும்

நோய் இன்னதென்று அறியுமுன் மருந்து கொடுப்பது மருத்துவ நெறியன்று. மோட்டார் காருக்கும் அந்நெறி பொருந்தும். முகப்பிலுள்ள எஞ்சின் விளக்கு எரிகின்றது. பட்டறையில் சோதனைக் கருவியை மாட்டியதும் ‘பி 0403’ என்னும் குறிப்பெண் தோன்றுகின்றது. உடனே புகை மீள்சுழற்சி வால்வு மாற்றப்படுகின்றது. சில நாளில் அதே விளக்கு மீண்டும் எரிகின்றது. உடையவரின் பணம் போயிற்று, பழுது போகவில்லை. இது ஏன்?

அவ்வால்வின் வேலையை முதலில் அறிதல் நலம். எஞ்சினுள் எரியும் வெப்பம் ஏறத்தாழ 1,370 டிகிரி செல்சியசைக் கடக்கும்போது, காற்றிலுள்ள நைட்ரஜனும் ஆக்சிஜனும் கூடி நச்சு வாயுக்கள் மிகுதியாக உண்டாகின்றன. எரிந்து முடிந்த புகையில் ஒரு சிறு பகுதியை மீண்டும் உள்ளே விட்டால் அவ்வெப்பம் தணிகின்றது. அமெரிக்கக் கார்களில் 1973-ஆம் ஆண்டு மாடல்களில் இம்முறை பரவலாயிற்று. அந்நாளில் வால்வைத் திறந்தது எஞ்சினின் வெற்றிட இழுப்பு. பிற்காலக் கார்கள் பலவற்றில் திறப்பது மின்சாரம்.

குறிப்பெண்கள் 1996-ஆம் ஆண்டு மாடல்கள் முதல் அந்நாட்டில் பொதுவாக்கப்பட்டன. பி 0401 என்பது புகையோட்டம் குறைவு என்று பொருள்படும். கரியடைப்பு அதற்கொரு காரணம். பி 0403 என்பதோ வால்வை இயக்கும் மின்சுற்றில் கோளாறு என்று மட்டுமே கூறும். சுற்று என்பது வால்வு மட்டுமன்று. பியூஸ், வயர், பிளக், எர்த், கணினி ஆகிய யாவும் சேர்ந்ததே சுற்றாகும். குறிப்பெண் தெருவைக் காட்டுகின்றது, வீட்டைக் காட்டுவதில்லை.

வீட்டைக் கண்டுபிடிக்க முறையான சோதனை வேண்டும். முதலாவது, கண்ணால் பார்த்தல்: பிளக்கில் பச்சைக் களிம்பு, வளைந்த ஊசி, வெப்பத்தில் உருகிய வயர் உண்டா என நோக்குக. இரண்டாவது, பியூஸ் வழியாக வால்வுக்கு வரும் வயரில், சாவியைத் திருப்பிய நிலையில், பேட்டரியின் வோல்ட் வருகின்றதா என அளக்க. வராவிடில் குற்றம் வால்வில் இல்லை. மூன்றாவது, பிளக்கைக் கழற்றி வால்வுச் சுருளின் தடையை அளந்து, தயாரிப்பாளர் கையேட்டில் உள்ள அளவோடு ஒப்பிடுக. மீட்டர் எல்லையற்ற தடையைக் காட்டினால் சுருள் அறுந்துவிட்டது; அப்போது புதிய வால்வு தேவை.

நான்காவது சோதனையே பலர் விட்டுவிடுவது. களிம்பேறிய இணைப்பில் 2 ஓம் தடை இருந்தால், அது மீட்டரில் அற்பமாகவே தோன்றும். ஆனால் வால்வு 1 ஆம்பியர் இழுக்கும்போது, ஜெர்மானிய அறிஞர் ஓம் 1827-இல் வெளியிட்ட விதிப்படி, அவ்விடத்தில் 2 வோல்ட் வீணாகும். பேட்டரி தரும் 12 வோல்ட்டில் 10 மட்டுமே வால்வைச் சேரும். ஆதலால், வால்வு இயங்கும்போதே வயரின் இருமுனைகளுக்கிடையே அளத்தல் வேண்டும். வயரை மெல்ல அசைக்கையில் எண் துள்ளினால், பழுதின் இடம் அகப்பட்டது.

இந்த நான்கிற்கும் ஒரு மீட்டரும் சிறிது பொறுமையும் போதும். அளந்த பின் மாற்றுபவனே கைவினைஞன். மாற்றிய பின் அளப்பவன் பிறர் பணத்தில் பாடம் படிப்பவன்.