காக்டெய்ல் வாங்கும் முன் யோசியுங்கள்

ஆவடி அருகே கோவில்பதாகை போன்ற புறநகர்களில் கிளி வளர்க்க விரும்புவோர் முதலில் சட்டத்தை அறிவது நல்லது. நம் பச்சைக்கிளியைக் கூண்டில் அடைப்பது 1972-ம் ஆண்டு வன உயிரினப் பாதுகாப்புச் சட்டப்படி குற்றம். ஆஸ்திரேலியாவைத் தாயகமாகக் கொண்ட, தலையில் கொண்டை உள்ள காக்டெய்ல் பறவைக்கு அந்தத் தடை இல்லை.

சாதகங்கள்: சுமார் 30 செ.மீ. நீளமும் 100 கிராம் எடையும் கொண்டது. பெரிய கிளிகள் அளவுக்குக் கத்தாது. ஆண் பறவை விசில் மெட்டுகளைக் கற்றுக்கொள்ளும். தினை, கம்பு, முருங்கைக்கீரை, கேரட் எனத் தீவனம் எளிதில் கிடைக்கும். ஆணும் பெண்ணும் மாறி மாறி அடைகாத்து, சுமார் 20 நாட்களில் குஞ்சு பொரிக்கும்.

பாதகங்கள்: இறகிலிருந்து வெண்பொடி உதிர்வதால், ஆஸ்துமா உள்ளவர்களுக்கு ஆகாது. அதிகம் சூடான நான்-ஸ்டிக் பாத்திரத்தின் புகை பறவையைக் கொன்றுவிடும். அவகேடோ, சாக்லேட் நஞ்சாகும். சூரியகாந்தி விதையை மட்டுமே கொடுத்தால் கல்லீரலில் கொழுப்பு சேரும். இரவில் மிரண்டு கூண்டில் மோதும் என்பதால் சிறு விளக்கு தேவை. கோடையில் தகரக் கூரையின் கீழ் கூண்டை வைக்காதீர்கள்.

எல்லாவற்றையும்விட முக்கியமானது ஆயுள். நன்கு பராமரித்தால் 15 முதல் 20 ஆண்டுகள் வாழும். கூட்டமாக வாழும் இனம் என்பதால், தனிமையில் தன் இறகையே பிடுங்கிக்கொள்ளும். காலையில் ரயிலேறி இரவில் திரும்பும் குடும்பம் என்றால், ஜோடியாக வாங்குங்கள். தினமும் நேரம் ஒதுக்க முடியாதென்றால் வாங்கவே வேண்டாம்.

பறவை உடலை உப்பிக்கொண்டு தீவனம் எடுக்காமல் இருந்தால், தாமதிக்காமல் வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லுங்கள்.