சீனி கொழுப்பாவது எப்படி?



கோலா சுங்கை பாரு வட்டாரத்தில் செம்பனைக் குலைகளை நாம் அன்றாடம் பார்க்கிறோம். மண்ணில் எண்ணெய் இல்லை, மழையிலும் இல்லை. பழத்துக்குள் மட்டும் அது எப்படி வந்தது? பச்சை இலை வெயிலைக் கொண்டு சீனியைச் செய்கிறது. அந்தச் சீனி பழத்துக்குள் போய் எண்ணெயாகிறது. இதே வேலை தாயின் வயிற்றிலும் நடக்கிறது.

கரு உண்டான முதல் மூன்று நாள்களில் அது சீனியை அவ்வளவாக நாடுவதில்லை. நான்காம், ஐந்தாம் நாளில் சீனியை வேகமாக இழுக்கத் தொடங்குகிறது. அதில் ஒரு பங்கு எரிந்து சக்தியாகிறது. இன்னொரு பங்கு, இரண்டு கரிம அணுக்கள் கொண்ட துண்டுகளாகிறது. பூத்தொடுப்பதுபோல் அத்துண்டுகள் எட்டு சேர்ந்தால் 16 கரிமம் கொண்ட பால்மிட்டிக் அமிலம் கிடைக்கும். செம்பனை எண்ணெயில் நிறைந்திருப்பதும் இக்கொழுப்புதான். 1978-இல் எலிக் கருக்களுக்கு அடையாளமிட்ட சீனியைக் கொடுத்துப் பார்த்த ஆய்வாளர்கள், அதன் கரிமம் கொழுப்பில் சேர்ந்திருப்பதைக் கண்டார்கள்.

கருவுக்குக் கொழுப்பு ஏன்? ஒரு வீட்டை இரண்டாக்கினால் புதுச்சுவர் எழுப்ப வேண்டுமல்லவா? ஓர் உயிரணு இரண்டாகும்போதும் புதுச்சவ்வு வேண்டும். அந்தச் சவ்வில் கொழுப்பே முக்கியமான பொருள்.

ஆகவே கொழுப்பு பகையன்று. அளவு மீறுவதே கேடு. டென்மார்க் மருத்துவர் யோர்கன் பெடர்சன் 1950-களில் இதை விளக்கினார். தாயின் இரத்தத்தில் சீனி மிகுந்தால், நச்சுக்கொடி வழியே அது பிள்ளைக்குப் போகும். தாயின் இன்சுலின் போகாது. பிள்ளையின் கணையமே கூடுதல் இன்சுலினைச் சுரக்கும். மிஞ்சிய சீனி கொழுப்பாகும். பிள்ளை பருத்துவிடும்.

"பெரிய பிள்ளை, நல்ல பிள்ளை" என்று நம் தோட்டத்துப் பாட்டிமார் மகிழ்வதை நாம் கேட்டிருக்கிறோம். ஆனால் இப்படிப் பருத்த பிள்ளைக்குப் பிரசவத்தில் தோள் சிக்கக்கூடும். பிறந்ததும் தாயின் சீனி நின்றுவிடும். இன்சுலின் மட்டும் மிஞ்சியிருப்பதால் பிள்ளையின் சீனி திடீரென இறங்கக்கூடும்.

இது நம் வீட்டுக் கதைதான். 2019-ஆம் ஆண்டுத் தேசிய உடல்நல ஆய்வின்படி, வயது வந்த மலேசிய இந்தியர்களில் 100-க்கு ஏறக்குறைய 31 பேருக்கு இனிப்பு நீர் இருந்தது.

எனவே தாய்மார்களே, கிளினிக்கில் வெறும் வயிற்றில் இரத்தம் எடுத்து, 75 கிராம் சீனி கலந்த நீரைத் தந்து, இரண்டு மணி நேரம் காத்திருக்கச் சொன்னால் தட்டிக்கழிக்காதீர்கள். குமட்டினாலும் பொறுத்துக்கொள்ளுங்கள். ஒரு நாள் சம்பளம் போகிறதே என்று கணவன்மார் தடுக்க வேண்டாம், கூடவே செல்லுங்கள். கெட்டிப்பால் ஊற்றிய தேநீரையும் இனிப்புத் தண்ணீரையும் குறைப்போம். தாதி சொல்வதைக் கேட்டுச் சோற்றை அளவோடு உண்போம்.

பழத்தில் எண்ணெய் கூடினால் தோட்டத்துக்கு லாபம். பிள்ளைக்கு அளவான கொழுப்பே நலம்.