‘உன்னிடத்தில்’ – பெற்றோருக்குப் பராமரிப்பு இல்லம் தேடுவோர் கவனத்திற்கு

எங்கள் அரபிக் கல்லூரியின் மேல்வகுப்பில் ‘நஃபகா’ பாடம் நடந்துகொண்டிருந்தது. உறவினருக்குச் செலவு செய்யும் கடமையைப் பற்றிய பகுதி அது. ஒரு மாணவர் எழுந்து கேட்டார்: “ஹஜ்ரத், படுக்கையில் கிடக்கும் தாயைப் பணம் கட்டி ஓர் இல்லத்தில் சேர்த்துவிட்டால் மகனுடைய கடமை நிறைவேறிவிடுமா?” வகுப்பில் ஒரு முணுமுணுப்பு எழுந்தது. கேள்வியே தகாதது என்பது பலருடைய எண்ணம். ஆனால் அதற்குச் சில ஆண்டுகளுக்கு முன் அதே கேள்வியோடு நான் ஊர் ஊராக அலைந்திருக்கிறேன். அந்த அனுபவத்தையும், அது தொடர்பாக நூல்களில் கண்டவற்றையும் இங்கே பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

பனீ இஸ்ராயீல் அத்தியாயத்தின் 23ஆம் வசனத்தை அறியாத முஸ்லிம் இல்லை. முதுமையுற்ற பெற்றோரிடம் சலிப்பின் ஒலியைக்கூட வெளிப்படுத்தலாகாது என்பதை எல்லோரும் நினைவில் வைத்திருக்கிறோம். அதே வசனத்தில் ‘இந்தக’ என்றொரு சொல் உண்டு. ‘உன்னிடத்தில்’ என்பது அதன் பொருள். பெற்றோர் முதுமையடைவது பொதுவாகச் சொல்லப்படவில்லை. ‘உன்னிடத்தில்’ முதுமையடைவது சொல்லப்படுகிறது. ஸமக்ஷரீ தம் ‘அல்கஷ்ஷாஃப்’ விரிவுரையில் இச்சொல்லுக்கு என்ன பொருள் என்று தாமே வினா எழுப்பி விடை தருகிறார். பெற்றோர் இயலாமைக்கு உள்ளாகி, பிள்ளையைத் தவிர வேறு பொறுப்பாளர் இல்லாத நிலையில், அவனுடைய வீட்டிலும் அவனுடைய அரவணைப்பிலும் இருப்பதையே இச்சொல் குறிக்கிறது என்பது அவர் கருத்து. சிறு வயதில் அவர்கள் அவனுக்குச் செய்த துப்புரவுப் பணிகளை அவன் அவர்களுக்குச் செய்ய நேரலாம், அது பொறுமைக்குக் கடினமானது என்றும் அவர் எழுதியுள்ளார். ‘வீடு’ என்ற சொல்லை அவர் சேர்த்திருப்பதை நாம் மறைக்கக் கூடாது. வீடே முதலிடம். வீட்டில் இயலாதபோது அந்த ‘அரவணைப்பு’ எப்படித் தொடரும் என்பதே நம் விசாரணை.

ஃபிக்ஹு நூல்கள் இவ்விடத்தில் நமக்குத் துணை நிற்கின்றன. ஏழைப் பெற்றோருக்கான செலவு வசதியுள்ள பிள்ளைகள்மீது கடமை. சம நிலையிலுள்ள ஆண்மக்கள் பலர் இருப்பின் சமமாகப் பகிர்ந்துகொள்வர். நோயாலோ முடக்கத்தாலோ பெற்றோருக்குப் பணியாளர் தேவைப்பட்டால், அந்தப் பணியாளருக்கான செலவும் நஃபகாவில் அடங்கும் என்று ஷாஃபிஈ நூல்கள் கூறுகின்றன. ஆகவே ஊதியம் பெறும் ஒருவரின் கைகளால் பெற்றோர் கவனிக்கப்படுவது புதுமையான கருத்தன்று. அச்செலவை ஸகாத்திலிருந்து எடுக்கலாமா என்று சிலர் தயக்கத்தோடு கேட்பதுண்டு. எவருடைய செலவு நம்மீது கடமையோ, அவருக்கு ஏழை என்ற வகையில் நம் ஸகாத்தைக் கொடுத்து அக்கடமையைத் தீர்க்க முடியாது. இல்லத்தின் மாதக் கட்டணத்துக்கும் இவ்விதியே பொருந்தும்.

இன்னொன்றையும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். மாமியாருக்குப் பணிவிடை செய்வது மருமகளின் நற்குணம். ஷரீஅத் அவள்மீது சுமத்திய கடமையன்று. நம் வீடுகளிலோ கடமை மகனுடையது, உழைப்பு மருமகளுடையது என்றாகிவிட்டது. காயல்பட்டினம், கீழக்கரை போன்ற ஊர்களில் மணமான பெண் தாய்வீட்டிலேயே வாழும் வழக்கம் இருந்ததால், முதிய தாய்மார் பெற்ற மகளின் கைகளிலேயே இருந்தார்கள். இன்று அந்த மகள்களும் சென்னைக்கும் வளைகுடாவுக்கும் குடிபெயர்ந்துவிட, பெரிய வீடுகளில் முதியவர் ஒருவரும் வேலைக்காரப் பெண் ஒருவரும் மட்டும் எஞ்சியிருப்பதைக் காண்கிறோம். அத்தகைய வீட்டில் விட்டுவைப்பது மட்டும் ‘உன்னிடத்தில்’ ஆகிவிடுமா?

எங்கள் உம்மாவுக்குப் பக்கவாதம் கண்டு வலப்புறம் செயலற்றுப் போனது. ராத்தா மூன்றாண்டுகள் தனி ஒருவராகத் தூக்கி, துடைத்து, ஊட்டினார். பின்னர் அவருடைய முதுகுத்தண்டே பழுதுபட்டது. தூக்கவே கூடாது என்று மருத்துவர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். அதன்பிறகுதான் நாங்கள் தேடத் தொடங்கினோம்.

தேடுவோர் முதலில் சொற்களில் தெளிவு பெற வேண்டும். நம் நாட்டில் ‘நர்ஸிங் ஹோம்’ என்றால் சிறிய தனியார் மருத்துவமனை என்றே பொருள். நோய் தணிந்ததும் வீட்டுக்கு அனுப்பிவிடுவார்கள். ‘முதியோர் இல்லம்’ எனப்படுவனவற்றில் பல, தாமே நடந்து குளித்து உண்ணக் கூடியவர்களை மட்டுமே சேர்க்கும். படுக்கையிலிருப்போரையும் மறதிநோய் கண்டோரையும் ஆண்டுக்கணக்கில் பராமரிக்கும் இல்லங்கள் வேறு. ‘எழ முடியாதவரைச் சேர்ப்பீர்களா? சேர்ந்தபின் அந்நிலைக்கு ஆளானால் வைத்துக்கொள்வீர்களா?’ என்ற இரு வினாக்களையும் தொலைபேசியிலேயே கேட்டுவிட்டால் பாதி அலைச்சல் குறையும்.

இல்லத்துக்கு முன்னே இன்னொரு வழியும் இருக்கிறதா என்று பார்ப்பது நலம். 1993இல் கோழிக்கோட்டில் தோன்றிய வலி மற்றும் வலிதணிப்புப் பராமரிப்புச் சங்கத்தின் தொடர்ச்சியாக, மலப்புறம் முதலிய மாவட்டங்களில் அக்கம்பக்கத்துத் தொண்டர்களே செவிலியரோடு வீடு வீடாகச் செல்லும் ஏற்பாடு வேரூன்றியது. கேரள அரசு 2008இல் இதற்கெனக் கொள்கையே வகுத்தது. தமிழ்நாட்டில் 2021இல் தொடங்கப்பட்ட ‘மக்களைத் தேடி மருத்துவம்’ திட்டத்திலும் வீட்டிலேயே வலிதணிப்புப் பராமரிப்பும் இயன்முறை மருத்துவமும் உண்டு. வாரம் ஒருமுறை வரும் இத்தகைய கை சில குடும்பங்களுக்குப் போதுமானதாக இருக்கும். எங்களுக்குப் போதவில்லை, உம்மாவை இரவும் பகலும் தூக்க ஆள் வேண்டியிருந்தது.

மூன்று இல்லங்களைப் பார்த்தோம். முதலாவதில் வரவேற்பறை பளிங்காய் மின்னியது; தோட்டமும் உண்டு. படுக்கை நோயாளிகள் இருக்கும் மாடியைப் பார்க்க வேண்டும் என்றதும், அவர்கள் ஓய்வெடுக்கிறார்கள், இப்போது முடியாது என்றார்கள். மறுமுறை போனபோதும் அதே விடை. காட்ட மறுக்கும் தளத்தில்தானே நம்மவர் கிடக்கப் போகிறார்கள்! அத்தோடு அதைக் கைவிட்டோம்.

இரண்டாவது முஸ்லிம்களே நடத்துவது. சுவரெங்கும் அழகிய அரபி எழுத்தணி, உணவு ஹலால், பாங்கோசை கேட்கும் தூரத்தில் பள்ளிவாசல். என் மனம் அங்கேயே தங்கிவிட்டது என்பதை ஒப்புக்கொள்கிறேன். ராத்தாதான் ஒரே ஒரு கேள்வி கேட்டார்: “இரவில் எத்தனை பேர் இருப்பீர்கள்?” 22 நோயாளிகளுக்கு ஒரு பணிப்பெண். படுத்தே இருப்பவரை ஏறத்தாழ இரண்டு மணி நேரத்துக்கு ஒருமுறை புரட்டிப் படுக்க வைக்காவிட்டால், எலும்பு அழுத்தும் இடங்களில் இரத்த ஓட்டம் தடைபட்டுத் தோல் செத்துப் புண்ணாகும். இடுப்பின் பின்புறம், குதிகால், இடுப்பின் பக்கவாட்டு எலும்பு ஆகியவை முதலில் பாதிக்கப்படும். காற்று மெத்தை போட்டிருக்கிறோம் என்பார்கள். அதன்மேல் கிடப்பவரையும் புரட்டத்தான் வேண்டும். ஒரு பெண்ணால் 22 பேரை எப்படிப் புரட்ட முடியும்? பெயர்ப்பலகையில் உள்ள அரபிப் பெயர் நள்ளிரவில் யாரையும் புரட்டிப் படுக்க வைப்பதில்லை.

இங்கே ஒரு வரலாற்றுக் குறிப்பு. கெய்ரோவில் சுல்தான் கலாவூன் 1284இல் நிறுவிய மன்சூரி பீமாரிஸ்தானைப் பற்றி எழுதும் மக்ரீஸீ, மருத்துவர்களோடு நிறுத்தாமல், நோயாளிகளுக்குப் பணிவிடை செய்ய ஆண்களும் பெண்களும் நியமிக்கப்பட்டதைத் தனியே குறிப்பிடுகிறார். பீமாரிஸ்தான்கள் மருத்துவமனைகளே, அவற்றை முதியோர் இல்லங்களுக்கு முன்னோடியாகக் காட்டுவது மிகை. ஆயினும் கட்டடத்தைக் கட்டுவதோடு கைகளையும் எண்ணிப் பார்த்தார்கள் என்பது கருதத்தக்கது.

மூன்றாவது, கிறிஸ்தவக் கன்னியர் நடத்தும் எளிய இல்லம். உணவு நேரத்தில் சொல்லாமல் போய் நின்றோம். ஒரு முதியவரைத் தலையணைகளால் நிமிர்த்தி உட்காரவைத்துச் சிறு சிறு கரண்டியாக ஊட்டிக்கொண்டிருந்தார்கள். விழுங்கச் சிரமப்படுவோரைப் படுக்கவைத்து ஊட்டினால் உணவு மூச்சுக்குழாயில் இறங்கிச் சளிக்காய்ச்சல் காணும். இந்தச் சிறிய காட்சி எங்களுக்கு நிறையச் சொல்லியது. தண்ணீர்க் குவளை கைக்கு எட்டும் இடத்தில் இருந்தது. நகங்கள் வெட்டப்பட்டிருந்தன. யாரையும் கட்டிலோடு கட்டிவைத்திருக்கவில்லை. யாரும் பகல் வேளையில் மருந்து மயக்கத்தில் கிடக்கவும் இல்லை. புரட்டிய நேரத்தைக் கையொப்பத்தோடு எழுதும் குறிப்பேடு ஒவ்வொரு கட்டிலிலும் தொங்கியது. தலைமைச் சகோதரி நாங்கள் கேட்கும் முன்பே கேட்டார்: “உங்கள் தாயார் எந்தத் திசை நோக்கித் தொழுவார்?”

வணக்க வழிபாடுகள் பற்றி இல்லத்தாரிடம் தெளிவாகப் பேசிவிட வேண்டும். அவர்களாக அறிந்துகொள்வார்கள் என எதிர்பார்ப்பது நியாயமன்று. உட்கார இயலாதவர் வலப்பக்கமாகச் சாய்ந்து கிப்லாவை முன்னோக்கித் தொழலாம். அதுவும் இயலாவிடில் மல்லாந்து, பாதங்கள் கிப்லாவை நோக்க, தலையைச் சற்று உயர்த்தித் தொழலாம். கட்டிலை அப்படித் திருப்பச் சொன்னபோது, புனிதத் திசைக்குக் கால் நீட்டுவது அவமதிப்பாகாதா என்று அந்தச் சகோதரி தயங்கினார். விளக்கிய பிறகே திருப்பினார். உளூ இயலாத நாட்களுக்காகத் தயம்மும் செய்யத் தூய மண்ணை ஒரு பெட்டியில் வைத்தோம். பெண்ணுக்குப் பெண்ணே பணிவிடை செய்ய வேண்டும் என்பதையும், ஹலால் இறைச்சி கிடைக்காத நாட்களில் மரக்கறியே போதும் என்பதையும் எழுதியே கொடுத்தோம். ரமளானில் நீரிழிவு கண்ட முதியோர் நோன்பு வைப்பேன் என்று பிடிவாதம் பிடிப்பதுண்டு. மீளும் நம்பிக்கையற்ற நோயாளிக்கு ஒரு நோன்புக்கு ஒரு ‘முத்து’ அளவு தானியம் ஃபித்யா என்பதைப் பிள்ளைகள் எடுத்துச் சொல்லி, அவர்கள் கண்முன்னேயே கொடுத்துவிட்டால் மனம் ஆறுதலடைவார்கள். மறதிநோயால் அறிவு மங்கியவர்மீது தொழுகைக் கடமை இல்லை என்பதையும் குடும்பத்தார் அறிந்திருக்க வேண்டும். தொழாததற்காக அவர்களைக் கடிந்துகொள்வோரும் இருக்கிறார்கள்.

ஒப்பந்தத்தில் கையொப்பமிடும் முன் முன்பணம் திரும்பக் கிடைக்குமா, மாத்திரையும் அணையாடையும் கட்டணத்தில் அடங்குமா, திடீரென நோய் முற்றினால் எந்த மருத்துவமனைக்கு யார் அழைத்துச் செல்வார்கள் என்பவற்றை வாய்ச்சொல்லாக விடாமல் எழுத்தில் பெற வேண்டும். மரணம் நேர்ந்தால் உடனே யாருக்குத் தெரிவிப்பது, குளிப்பாட்டுவோர் வரும்வரை ஜனாஸாவை எங்கே வைப்பது என்பதைக் கேட்கப் பலருக்கும் நா எழுவதில்லை. நாங்கள் கேட்டோம். எந்த ஜமாஅத்தின் மையவாடி என்பதையும் எண்களோடு குறித்துக் கொடுத்தோம். செலவைப் பகிர மறுக்கும் உடன்பிறப்புகள் இருந்தால், 2007ஆம் ஆண்டின் பெற்றோர் மற்றும் மூத்த குடிமக்கள் பராமரிப்பு, நல்வாழ்வுச் சட்டத்தின்படி அதற்கான தீர்ப்பாயத்தை நாட வழியுண்டு. இல்லத்திலோ வீட்டிலோ கொடுமை நடப்பதாக ஐயம் எழுந்தால் 14567 என்ற முதியோர் உதவி எண் இருக்கிறது.

சேர்த்த பிறகு செய்ததே பெரிய வேலை. நானும் தம்பியும் ராத்தாவும் வாரத்தின் நாட்களைப் பங்கிட்டுக்கொண்டோம். நேரத்தை மட்டும் வேண்டுமென்றே மாற்றி மாற்றிப் போனோம். வெளிநாட்டிலுள்ள இளைய தம்பி கட்டணத்தில் தன் பங்கை அனுப்பியதோடு, நாள்தோறும் இஷாவுக்குப் பின் தொலைபேசியில் யாசீன் ஓதினார். ஒருமுறை உம்மாவின் இடக் குதிகாலில் சிவப்புத் தடம் கண்டு பதறினேன். குறிப்பேட்டில் அது முந்தைய இரவே எழுதப்பட்டு, காலுக்கடியில் தலையணையும் வைக்கப்பட்டிருந்தது. முதல் மாதம் உம்மா என்னோடு பேசவே இல்லை. முகத்தைச் சுவரின் பக்கம் திருப்பிக்கொள்வார்கள். அதற்கு என்னிடம் எந்த நூலிலிருந்தும் விடை கிடையாது. பேசாவிட்டாலும் அருகே உட்கார்ந்திருந்தேன்.

11 மாதங்களுக்குப் பின் உம்மா அங்கேயே வஃபாத்தானார்கள். ராத்தாவும் ஊர்ப் பெண்கள் இருவரும் குளிப்பாட்டினார்கள். மையித்தில் கண்ட குறையை மறைக்க வேண்டும், நல்லதைச் சொல்லலாம் என்பது மார்க்கம். வெளியே வந்த ராத்தா என்னைத் தனியே அழைத்து, முதுகில் ஒரு புண்கூட இல்லை என்றார்.